ஸ்வீடன் ஓவியத்துக்கு லேமினேஷன்

அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

வழுக்கியது.

பளபளப்பில் எதிர் ஜன்னலின் கம்பிகள் தெரிந்தன. அதற்கு அடியில், எங்கோ ஆழத்தில், கறுப்பு வட்டமும் காவி முக்கோணமும்.

"இனிமே தண்ணியே ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது," என்றான் கணவன். முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்வீடன்காரி ஒருத்தி 1951இல் தீட்டியது. காகிதத்தின் மேல் பொடி பொடியாக நிற்கும் சாயம். பக்கத்தில் யாராவது தும்மினாலே இவளுக்குப் பதறும்.

ஸ்வீடனில், கோதன்பர்க்கில் வேலை பார்த்த காலமெல்லாம் இதற்காகத்தான் அலைந்தாள். செத்துப்போன ஓவியர்களின் பிள்ளைகளைத் தேடிப் போய், அவர்கள் கொடுத்த காபியையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் சாப்பிட்டு, கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தவை ஐந்து.

வாழ்க்கையில் அவளாகத் தேர்ந்தெடுத்தவை அந்த ஐந்துதான். படிப்பை அப்பா தேர்ந்தெடுத்தார். இவனையும்.

திருவான்மியூருக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் சொல்லிவந்தது ஒன்றே ஒன்று. கடல்காற்று இதற்கு ஆகாது.

காதில் வாங்கியிருக்கிறான். அதை மட்டும்.

அவன் வீட்டில் ஒன்றைப் பத்திரப்படுத்துவது என்றால் லேமினேஷன்தான். பட்டச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, திருப்பதி பெருமாள், செத்துப்போன அவன் அப்பாவின் பான் கார்டு. எல்லாம் தெருமுனை ஜெராக்ஸ் கடை இயந்திரத்தின் சூட்டில் நசுங்கி வெளியே வந்தவை.

அதில் போனது பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும். உரித்தால் ஓவியமும் சேர்ந்து உரியும்.

ஓங்கி ஒன்று விடவேண்டும் போலிருந்தது. நிஜமாகவே கை உயர்ந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டையாவது போடலாம். பாவி, ஆசையாகச் செய்திருக்கிறான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவே." அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "மத்த நாலும் கடையிலதான் இருக்கு. ஒரே கூட்டம். இப்பப் போட்டு வெக்கிறேன்னாரு."

அவள் செருப்புகூடப் போடவில்லை.

படிகளில் தடதடவென்று இறங்கி வெயிலில் ஓடினாள். பின்னால் அவன் ஏதோ கேட்டான். திரும்பவில்லை.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடையின் பெயர்ப்பலகை, பட்டப்பகலில், சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் போய்த் தொலையட்டும் என்றாள், வாய்விட்டு. இந்தக் கடைக்கு, இந்தத் தெருவுக்கு, இந்த ஊருக்கே போய்த் தொலையட்டும்.