ஜன்னலைத் தொடாதே!

"ஐயய்யோ, ஜன்னல்ல கை வைக்காதே தம்பி!"

மீசைக்காரர் போட்ட சத்தத்தில், எழுந்த யோஸ்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

செர்பியாவின் ஆகஸ்ட் வெயில். கதவு திறந்தே இருந்தும் ரயிலின் அந்தச் சின்ன அறை வெந்துகொண்டிருந்தது. யோஸ்டின் மடியில் சாக்லேட் கேக். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெல்கிரேடுக்கு வேலைக்கு வந்தவன், வந்த வேகத்தில் துன்யாவிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டான். இன்றைக்குத்தான் வல்யேவோவில் அவள் அம்மாவை முதன்முதலாகப் பார்க்கப் போகிறான். கேக் முழுசாக வந்தால்தான் பெண் என்று துன்யா பாதி விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். மீதிப் பாதிதான் அவனைப் பயமுறுத்தியது.

"கேக் உருகுதுங்க. கொஞ்சம் காத்து வந்தா..."

"காத்தா! வாய் கோணிக்கும். எங்க மாடிவீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு."

"கிட்னியும் போயிடும்" என்றாள், எதிரே கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றியிருந்த அம்மாள். "இந்த ஊர்ல இருக்கணும்னா இதெல்லாம் தெரிஞ்சுக்கணும் தம்பி."

யோஸ்டுக்கு அந்த ஊர்ப் பாஷையே தடுமாற்றம். இதில் எங்கே வாதாடுவது?

"உங்களுக்குப் புழுங்கலையா அக்கா?"

"எனக்கா? சேச்சே, ஜில்லுனு இருக்கு" என்றாள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

கேக் டப்பாவின் அடியும் சொட்டத் தொடங்கியது. யோஸ்டுக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, பெண்ணும் போச்சு.

அப்போது டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்தார். "அடக் கடவுளே! அடுப்புக்குள்ளயா உட்கார்ந்திருக்கீங்க?" என்றபடி கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைப் படாரென்று இறக்கித் திறந்துவிட்டார்.

"ஐயா, காத்து பட்டா ஆபத்துன்னு இவங்க..." என்று இழுத்தான் யோஸ்ட்.

"கதவும் ஜன்னலும் சேர்ந்து திறந்திருந்தாத்தான்யா ஆபத்து! ஒண்ணைச் சாத்திட்டா ஒண்ணும் ஆகாது. இதுகூடத் தெரியாத செர்பியன் உண்டா?"

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். "நமக்குச் சொந்த ஊரு லிஸ்பனுங்க. இந்த அம்மா சால்வையைப் பார்த்ததும் உள்ளூர்க்காரங்கன்னு நெனச்சு, நானும்..."

"அடப்பாவி மனுஷா!" சால்வையைப் பிடுங்கி எறிந்தாள் அந்த அம்மாள். "உன் மீசையைப் பார்த்து உள்ளூர் ஆளுன்னு பயந்துதானேய்யா இதைச் சுத்திக்கிட்டு இவ்வளவு நேரம் வெந்தேன்... நான் டப்ளின்காரி!"