மைக் டெஸ்டிங்

ஆறு வருடம் கழித்துச் சிறையிலிருந்து வந்த கொம்பையாவுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு காதுகுத்து வீட்டுக்கு மைக்செட் கட்டுவது. ஆலை வேண்டாமென்று ஊர்க்காரர்கள் கூடிய கூட்டத்துக்கும் அவர்தான் கட்டியிருந்தார். அன்றைக்குப் பேசியவர்களோடு சேர்த்து அவரையும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போட்டுவிட்டார்கள். அவர் குரல் என்று நீதிமன்றத்தில் ஓடவிட்ட பதிவில் இருந்தது இவ்வளவுதான்: "அலோ, அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பந்தலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் வழக்கம்போல மைக்கை வாயருகே கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை. நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு.

"என்ன அண்ணாச்சி, தட்டிக்கிட்டே இருக்கிய? ஒரு சத்தம் குடுங்க, கேக்கட்டும்" என்றான் குழந்தையின் தாய்மாமன்.

"நீங்களே பேசிருங்க தம்பி."

அவன் மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலோ" என்றான். முன்வரிசையில் ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். மொட்டையடித்த குழந்தையைத்தான் படம் எடுத்தாள்.

அதற்குள் கொம்பையாவின் கை ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தது.