பாண்டியம்மாள் போட்ட நிபந்தனை

"பம்பை எங்க நடப் போறீங்க? அதச் சொல்லு மொதல்ல" என்றாள் பாண்டியம்மாள்.

1985, பங்குனி வெயில். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பால் சங்கக் கட்டடம். பாண்டியம்மாள்தான் சங்கத் தலைவி. சுற்றிலும் இருபது பெண்கள். நடுவில் ஃபைலும் கையுமாக ஸ்யாமளா. பசுமலையில் ஒரு சின்னத் தொண்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கொடுக்க மனமுள்ளவர்களையும் தேவைப்படும் ஊர்களையும் கடல் தாண்டிச் சேர்த்துவைப்பது, கிட்டத்தட்ட கல்யாணத் தரகு மாதிரி.

"ஊர்த் தலைவர் தன் வீட்டு வாசல்ல இடம் தரேன்னு சொல்லியிருக்காரும்மா."

"அப்ப பம்பே வேணாம். தலைவரு வாசல்ல நட்டா அவரு மாடு குளிச்சு முடிக்கிற வரைக்கும் பொம்பளைக குடத்தோட நிக்கணும். பொது இடத்துல நடச் சொல்லு."

வேணாம் என்றதும் ஸ்யாமளா அவசரமாக ஃபைலைப் பிரித்தாள். ஆழ்துளை போட்டுத் தண்ணீரும் பார்த்தாயிற்று. அடிபம்பு ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக் கப்பலைத் தவறவிட்டால் இன்னும் ஆறு மாதம் அந்தப் பெண்கள் தண்ணீருக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான்.

"மூணு மைல் நடைம்மா. அத மறந்துடாதீங்கோ."

"எனக்கா சொல்ற? என் இடுப்பைக் கேளு, அது சொல்லும்."

பெண்கள் சிரித்தார்கள். அழகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பம்புக்குள்ள இருக்குற தோல் வாசர் தேஞ்சா மாத்துறது யாரு?"

"ஒருத்தருக்கு டிரெயினிங் குடுப்போம்."

"ஆம்பளைக்கா? அவன் ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு வேலைக்குப் போயிருவான். பொம்பளைக்குச் சொல்லிக் குடுங்க."

அறையில் இருந்த ஒரே ஆணான எழுத்தர் காளை, "எழுதிக்கிறேன் அக்கா" என்று குனிந்துகொண்டான்.

"கடைசியா ஒண்ணு. கொடுத்தவங்க பேரைக் கல்லுல வெட்டிப் பக்கத்துல வைக்கறது வழக்கம்" என்றாள் ஸ்யாமளா.

"பேரு யாருக்கு வேணும்? அந்தக் கல்லத் துணி துவைக்கப் போடுங்க" என்றாள் பாண்டியம்மாள்.

ஸ்யாமளா முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "வெள்ளைக்காரங்ககூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லைம்மா."

"அவங்க என்னைக்குக் குடம் தூக்குனாங்க, கேக்குறதுக்கு?"

எல்லாவற்றுக்கும் சரி என்றாள் ஸ்யாமளா. பாண்டியம்மாள் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடித்தபோதுதான் ஸ்யாமளாவுக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது.

"நம்ம சங்கம் குடுக்குற பம்பு ஆப்பிரிக்கா போய்ச் சேர எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டாள் அழகம்மாள்.

"ஒரு மாசம் ஆகும்" என்றாள் ஸ்யாமளா.

"நமக்குப் பம்பு போட்டுக் குடுத்த வெள்ளைக்காரங்க ஒரு விசேஷத்துக்குக்கூட நம்மளக் கூப்பிடல. மொய்யத் திருப்பிச் செய்ய வழியில்லாம அஞ்சு வருசமா ஊரே மருகிக் கிடந்துச்சு, இவங்களுக்காச்சும் செஞ்சமே" என்ற பாண்டியம்மாள், ஸ்யாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆவணியில என் பேத்திக்குக் காதுகுத்து. அந்த ஆப்பிரிக்காப் பொம்பளைக விலாசத்தை எழுதிக் குடுத்துட்டுப் போ தாயி. பத்திரிகை வைக்கலேன்னா பாவம், அவங்க எப்படித் திருப்பிச் செய்வாங்க?"