சொந்தக்காரி இல்லாத கம்ப்யூட்டர்

“போயிட்டா தம்பி. மூணு மாசம் ஆகுது,” என்றார் பெரியவர், மகளின் நாற்காலியை மெக்கானிக்குக்கு இழுத்துப் போட்டபடி. கட்டிலில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. மேசை மேல் அவளுடைய கம்ப்யூட்டர்.

சொந்தக்காரர் எதிரில் இல்லாமல் யாருடைய பாஸ்வேர்டையும் உடைப்பதில்லை என்று மெக்கானிக் தன் கடையில் எழுதியே ஒட்டியிருந்தார். பெண்டாட்டியின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், பங்காளியின் கம்ப்யூட்டர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். நேற்று பெரியவர் வந்து நின்றபோதும் முடியாது என்றுதான் சொன்னார்.

“சொந்தக்காரிக்கு நான் எங்க போவேன் தம்பி?” என்று கேட்டார் பெரியவர். அதற்குமேல் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. அவருடைய அக்கா போன வருஷம் விபத்தில் இறந்துபோனாள். அவள் போன் இன்னும் பூட்டியபடியே பீரோவில் கிடக்கிறது.

மகள் விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டு வைத்திருந்தது லினக்ஸ். அதில் ரூட் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் வீட்டுக்கு எஜமான். அது சொன்னால் எந்த அறையும் திறக்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே இடைமறித்து ஒரு வரியில் நாலு வார்த்தை சேர்த்தால், பாஸ்வேர்டு கேட்காமலே ரூட்டாக நுழைந்துவிடலாம். டிஸ்க்கையே பூட்டி வைத்திருந்தால் நடக்காது. அவள் பூட்டியிருக்கவில்லை.

கறுப்புத் திரையில் ரூட் வந்து நின்றது. புது பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது.

ஒரு நிமிஷத்தில் வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பாஸ்வேர்டை மாற்றியேவிட்டார். அது டிஸ்க்கில் பதிவதற்குள் மறுபடி இருட்டு. எழுந்துபோய்க் கூடத்தை எட்டிப் பார்த்தார். பெரியவரின் மனைவி மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார். மெக்கானிக்கைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

பெண் போனதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை, இப்படித்தான் ஏதாவது செய்கிறாள் என்றார் பெரியவர். மெக்கானிக்குக்குப் புரிந்தது. அக்காவின் துணிமணியை யாரும் தொடக் கூடாது என்று அவருடைய அம்மாவும் பீரோவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டவர்தான்.

“அம்மாவைக் கொஞ்சம் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க சார். அஞ்சு நிமிஷம் போதும்.”

பெரியவர் மனைவியை அழைத்து வந்து கட்டிலில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. இந்த வயதிலும் ஒருவருக்கொருவர் இப்படித் துணையாக இருக்கிறார்களே என்று நினைத்தபடி மெக்கானிக் திரைப் பக்கம் திரும்பினார்.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக நடந்தது. மகளின் படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. வாய்விட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து காட்டினார். பெரியவர் பார்வை அதில் நிற்கவில்லை. படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கடுதாசி, விலாசம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நாலு இடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம். பார்க்கத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

கம்ப்யூட்டருக்குள் துழாவியதில் இரண்டு காகிதம் அகப்பட்டது. வேறொரு ஊரில் பள்ளிக்கூட வேலைக்கு வந்த உத்தரவு ஒன்று. அதே ஊரில் ஒரு மாடியறைக்குப் போட்ட வாடகை ஒப்பந்தம் இன்னொன்று. அது தொடங்கும் தேதி சரியாக மூன்று மாதத்துக்கு முன்னால். பாவம், எல்லா ஏற்பாடும் செய்து வைத்தவளுக்குக் குடிபோகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மெக்கானிக் பெருமூச்சு விட்டார்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவு எண், தெரு, மாடி என்று ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அப்போதும் இடது கை மனைவியின் மணிக்கட்டில்தான் இருந்தது. பிறகு எழுந்தார். பெரிய உபகாரம் என்று மெக்கானிக்கின் தோளில் தட்டினார். கார் சாவியை எடுத்துக்கொண்டு, மகனைப் போனில் கூப்பிட்டு வாசலுக்கு வரச் சொல்லியபடி படியிறங்கிப் போனார்.

அந்த அம்மாள் சிவந்துபோன மணிக்கட்டைத் தேய்க்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நினைத்தபோது திறந்து பார்க்கலாம் என்று மெல்லச் சொன்னார். தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். செத்தவர்கள் முகத்தைப் படத்திலாவது பார்ப்பது ஆறுதல்தான் என்றார்.

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தெருமுனை தாண்டி ஓயும்வரை அந்த அம்மாள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பொண்ணு சாகலை தம்பி. ஒளிஞ்சிருந்தா.”