கட்சிக்காரர் ரூம்

"பாய், இந்த ஒன்பதாம் நம்பர் ரூமுல யாரு தங்குறாங்க?"

கேட்டவர் இராஜாங்கம். சுற்றுலா இலாகாவிலிருந்து கும்பகோணத்து லாட்ஜுகளைக் கணக்கெடுக்க வந்தவர். கறாரான மனிதர்.

லாட்ஜ் முதலாளி அப்துல் ஜலீல் நெளிந்தார். "வர்றவங்கதான் தங்குறாங்க சார்."

"லாட்ஜு நல்லாத்தான் ஓடுது. போன வருஷம் பாதி ரூம் நிரம்பிச்சு, இந்த வருஷம் முக்கால்வாசி. தாராசுரம் பார்க்க வர்ற வெள்ளைக்காரங்க, சுவாமிமலையில சிலை வாங்க வர்றவங்க எல்லாரும் இங்கதான் வர்றாங்க. வரவும் ஏறியிருக்கு. ஒன்பதுதான் இடிக்குது. மாசத்துல ஒரு நாள், ரெண்டு நாள் ஆளு இருக்கு. ஆனா வாடகை சைபர்."

ஜலீலின் கண் இராஜாங்கத்தின் சட்டைப் பைக்குப் போயிற்று. இலாகாவின் சிபாரிசுப் பட்டியலில் லாட்ஜ் பெயர் ஏறிவிட்டால் மெட்ராஸிலிருந்தே ஆட்களை அனுப்புவார்கள். அதை நம்பித்தான் மாடியில் நாலு ரூம் கட்டக் கடன் வாங்கியிருந்தார். ஏறுவதும் ஏறாததும் இராஜாங்கத்தின் பேனாவில் இருந்தது.

"கட்சிக்காரரா?" இராஜாங்கம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ஜலீல் கொஞ்சம் யோசித்தார். "ஒருவகையில கட்சிக்காரர்தான் சார்."

இராஜாங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கரை வேட்டி கட்டிக்கொண்டு ஓசியில் தங்கி, போகும்போது சோப்பையும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை ஊர் ஊராகப் பார்த்துச் சலித்தவர் அவர்.

"கட்சிக்காரனுக்குப் பயந்து ரூம் குடுக்கற லாட்ஜை நான் எப்படிங்க பட்டியல்ல சேர்க்கறது? நாளைக்கு ஒரு டூரிஸ்ட் வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?"

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்கார ஜோடி உள்ளே வந்தது. ஊரில் கல்யாண சீசன், எங்கும் ரூம் இல்லையாம். இரண்டு மடங்கு வாடகை தருவதாக விரலைக் காட்டினார்கள்.

"சாரி, ரூம் இல்லை" என்று ஜலீல் அடுத்த தெரு லாட்ஜுக்கு வழி சொல்லி அனுப்பினார்.

"ஒன்பதாம் நம்பர் சாவி தொங்குதே பாய்."

"இன்னைக்கு அவரு வர்ற நாள் சார்."

இராஜாங்கம் பேனாவைத் திறந்தார். 'காரணமின்றி இலவச அறை. பட்டியலில் சேர்க்கத் தகுதியில்லை' என்று எழுதினார். ஜலீல் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். பாவம், முகம் தொங்கிப் போயிற்று.

அப்போதுதான் கட்சிக்காரர் வந்தார்.

கரை வேட்டி இல்லை. முழங்கால் வரை காய்ந்த சேறு, தோளில் ஒரு துண்டு, கையில் மஞ்சப்பை. "வந்துட்டேன் முதலாளி" என்று தானே எட்டிச் சாவியை எடுத்தார்.

"இவரா? பெரியவரே, நீங்க எந்தக் கட்சி?"

"எனக்கு ஏதுங்க கட்சி? கேஸுதான் இருக்கு" என்றார் வந்தவர்.

பெயர் வைரக்கண்ணு. குடவாசலுக்கு அந்தாண்ட ஒரு கிராமம். அவரே சொன்னார்.

"ஆறு மா குத்தகை நிலம். எங்கப்பா காலத்துலேர்ந்து உழறோம். குத்தகைக்காரன் பேரைப் பதியணும்னு சர்க்கார் சட்டம் போட்டாலும் போட்டுது, நிலத்தை விடுன்னு நிலக்காரரு கேஸ் போட்டுட்டாரு. நாளைக்கு வாய்தா. பத்தரைக்குப் பேரு கூப்பிடுவாங்க. எங்க ஊரு முதல் பஸ்சு வந்து சேரவே பதினொண்ணு ஆயிடும். கூப்பிடறப்ப ஆளு இல்லேன்னா நிலம் போச்சு. மொத தடவை பஸ் ஸ்டாண்டுல படுத்தேன், எவனோ பையை அடிச்சிட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து வாய்தாவுக்கு மொத நாளு இங்கதாங்க. முதலாளி காசு வாங்க மாட்டேங்கறாரு."

இராஜாங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலிடம் போகிறவரையும் கட்சிக்காரர் என்றுதானே சொல்கிறோம்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன பாய்?"

"என்னத்த சார் சொல்றது? வழக்குன்னா ரெண்டு பேரும் நின்னு பேசித் தீரணும். எதிராளி வந்து சேரலேன்னு ஒருத்தன் ஜெயிச்சா, அந்த நெல்லுச் சோறு தொண்டையில இறங்குமா?"

இராஜாங்கம் எழுதியதை அடித்தார். 'ஏழை வழக்காளிக்கு உதவி. பட்டியலில் சேர்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் அடித்துத் திருத்தியதில்லை.

கிளம்பும்போது வைரக்கண்ணுவின் தோளைத் தட்டினார்.

"இப்படி ஒரு நல்ல மனுஷன் இருக்கற உலகத்துலதான், ஆறு மாவுக்காக உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கற ஆளும் இருக்கான். யாருங்க அந்த நிலக்காரன்?"

வைரக்கண்ணு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? இவ்வளவு நேரமா அவருகிட்டதானே பேசிக்கிட்டிருந்தீங்க."