செவலைக்கு ஒத்தடம்

“மாத்திரை கொடுத்து ஒரு மாசமாச்சு. இன்னுமா மூட்டு வலி கேக்கலை?” என்றார் மாட்டு டாக்டர்.

கல்லுடைத்துக் காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான் அடைக்கன்.

“விடியக்காலம் எந்திரிக்கவே முடியலைங்க. ஊண்டி ஊண்டி நாலெட்டு வச்ச பொறவுதான் கால் வசத்துக்கு வருது.”

“வெந்நீர் ஒத்தடம்?”

“ரெண்டு வேளையும் எம் பொஞ்சாதி வெள்ளச்சிதாங்க கொடுக்குறா.”

“சரி, நாயை உள்ள கொண்டா, பார்ப்போம்.”

அடைக்கன் தயங்கினான். அதற்குள் வாசலில் கட்டியிருந்த செவலை நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓர் ஆட்டை விரட்டிப் போய், ஆஸ்பத்திரிச் சுவரையே தாண்டிக் குதித்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப எந்திரிக்க முடியாதது யாருய்யா?”

“வெள்ளச்சிங்க. செவலைக்குப் போன வாரமே தேவலையாயிருச்சு. இவளை ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, எனக்கென்ன கேடுங்கிறா. நாய்க்கு வச்ச துணியில மிச்சச் சூட்டை ஏன் வீணாக்கணும்னு தன் முட்டியில வச்சுக்கிறா. செவலைக்குக் கொணமாயிருச்சுன்னு தெரிஞ்சா வெந்நியே போட மாட்டாங்க.”

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நாய் மாத்திரை மனுசருக்கு ஆகாது, தர மாட்டேன். ஆனா ஒத்தடத்தை இன்னும் மூணு மாசம் நிறுத்தக் கூடாதுன்னு நான் சொன்னதாச் சொல்லு. ஒத்தடம் கொடுக்குறவங்க தண்ணிக்குடம் தூக்குனா நாய்க்கு வலி கேக்காதுன்னும் சொல்லு.”

“அப்ப தண்ணிக்குங்க?”

“நீ தூக்கு.”

ஊர் எல்லை வந்ததும் அடைக்கன் செவலையை இழுத்து நிறுத்தினான்.

“கேட்டியாடா? இனி வீடு வரைக்கும் நொண்டிக்கிட்டே வா.”