மஞ்சிக்குக் கிடைத்த திட்டு

முருங்கை மரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாரும் தவிட்டுக்குருவிப் பிள்ளைகள். நடு வருஷத்தில் வந்து சேர்ந்த மஞ்சி மட்டும் மைனா. தவிட்டம்மா டீச்சர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். நிழலான கிளை அவளுக்குத்தான். கொழுத்த புழுவும் முதலில் அவளுக்குத்தான்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் தரையில் இரை பொறுக்கும்போது ஒருவர் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, பூனை வருகிறதா என்று பார்க்க வேண்டும். தினம் ஒருவர் முறை. மஞ்சியின் முறை மட்டும் வரவே இல்லை.

"எனக்கு எப்போ டீச்சர்?"

"உனக்கெதுக்கும்மா அந்தக் கஷ்டம்? நீ நம்ம விருந்தாளி."

அன்று கிடைத்த கொழுத்த புழுவை மஞ்சி பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் தள்ளிவிட்டாள். பள்ளி விடும் நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"விருந்தாளின்னா எத்தனை நாள் இருக்கலாம் டீச்சர்?"

மறுநாள் காலையில் தவிட்டம்மா முதல் வேலையாக மஞ்சியை உச்சிக் கிளைக்கு அனுப்பினார்.

மஞ்சி நெஞ்சை நிமிர்த்திக் காவல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டான் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், பூனை வேலிவரை வந்த பிறகுதான் கத்தினாள். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு மரத்துக்குப் பறந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஏண்டி, கண்ணை எங்க வெச்சிருந்த? நாளைக்கும் நீதான் காவல்," என்று கத்தினார் டீச்சர்.

மஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் கூட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு டீச்சர் என்னையும் திட்டினாங்க."